பேரரக்கியும் தலைவர் உரையும்

தாமரை என்று பெயர் வைத்த அன்று அவள் மூன்று கிலோதான் இருந்தாள். ஆகவே பெயர் வைத்தவர்கள் மேல் குற்றமில்லை. பிறகு வளர்ந்தாள். ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவாக வந்து நின்றாள். கிள்ளான் துறைமுக நகரில் ஒரு டயர் கடையில் இருபத்தாறு வருடமாக லோரிச் சக்கரம் கழற்றி மாட்டுகிற வேலை. மற்றவர்கள் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறிக் குதித்துத் திருகுகிற நட்டை அவள் ஒரு கையால் திருகிவிடுவாள். மறு கையில் தே ஓ, அதாவது பால் ஊற்றாத தேநீர், பாக்கெட்டில் தொங்கும்.

அவள் கணவர் கார்த்திகேசு அவள் தோளுக்குக் கீழே நின்றுவிட்டவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எடை நாற்பத்தெட்டு கிலோ, அதில் மூக்குக்கண்ணாடியும் சேர்த்தி. மோட்டார் சைக்கிளை அவள் ஓட்டுவாள். அவர் பின்னால் உட்கார்ந்து ஒரு பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வருவார். பைக்குள் அவர் எழுதிய நாவல். தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். இவர்களுக்கு அதைக் கவனிக்க நேரமிருந்ததில்லை.

இந்தக் கதையில் ரத்தம் வரும், பல் விழும். பயந்துவிடாதீர்கள். அடிபட்டவர்கள் எல்லாரும் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார்கள்; ஒருவருக்கு மட்டும் கஞ்சி.

நாவலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பனி உறைந்து கிடக்கிற வடதேசத்துப் புராணம் ஒன்றைக் கார்த்திகேசு படித்தார். நோர்ஸ் புராணம் என்று பெயர். அதில் தேவர்களுடைய செல்லப்பிள்ளை ஒருவன் செத்துப்போகிறான். உடலைக் கப்பலில் வைத்துக் கொளுத்திக் கடலில் விடவேண்டும். கப்பலோ பெரிது. எல்லாத் தேவர்களும் சேர்ந்து தள்ளுகிறார்கள், அசையவில்லை. கடைசியில் அரக்கர் நாட்டுக்கு ஆள் அனுப்பி ஹிரோக்கின் என்கிற பேரரக்கியை வரவழைக்கிறார்கள். அவள் ஓநாய்மேல் ஏறி, பாம்புகளைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஒரே தள்ளு. கப்பலுக்கடியில் கிடந்த உருளைக்கட்டைகள் தீப்பற்றிக்கொள்கின்றன, பூமி அதிர்கிறது, கப்பல் கடலில் இறங்கிவிடுகிறது. நன்றி சொல்ல வேண்டிய இடிக்கடவுள் என்ன செய்கிறான்? சுத்தியலைத் தூக்கிக்கொண்டு அவள் மண்டையை உடைக்க ஓடுகிறான். மற்றவர்கள் கெஞ்சிக் கூத்தாடித் தடுக்கிறார்கள். ஆத்திரம் அடங்காமல், காலடியில் குறுக்கே வந்த ஒரு குள்ளனை எட்டி உதைத்துச் சிதையில் தள்ளுகிறான்.

புராணம் அவளைப் பற்றி அத்தோடு வாயை மூடிக்கொள்கிறது. கார்த்திகேசுவுக்குத்தான் தூக்கம் வரவில்லை. தள்ளின பிறகு அவள் எங்கே போனாள்? அன்றைக்கு அவளுக்கு யார் சோறு போட்டது? உள்ளங்கைத் தோல் உரிந்திருக்குமே, மருந்து உண்டா? நானூறு பக்கம் எழுதினார். அவளைக் கிள்ளானுக்கே கொண்டுவந்துவிட்டார். துறைமுகத்தில் வேலை செய்கிறாள், கொண்டை போடுகிறாள், ஓநாய்க்குப் பதில் மோட்டார் சைக்கிளில் வருகிறாள். மாலையில் தாமரை சோப்புத்தூள் போட்டுக் கைக்கரி கழுவும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார்.

"இது நானா?" என்பாள்.

"சீச்சி, கற்பனை."

"மோட்டார் நம்பர் என்னோடதுல்ல?"

"இலக்கியத்துல அப்படியெல்லாம் கேக்கக்கூடாது தாமர."

அந்த நாவலைத்தான் பள்ளத்தாக்குத் தமிழ் இலக்கியப் பேரவை பதினோரு வருடமாக ஆய்வுக்குழுவில் வைத்திருந்தது. பேரவை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தின் பின்கட்டில் இயங்கியது. தலைவர் சண்முகரத்தினம். அவருக்கு 'இடிமுழக்கச் செம்மல்' என்று ஒரு பட்டம். அவர் தலைமையில் நடந்த கூட்டத்தில், அவர் முன்மொழிய, பேரவை அவருக்கு வழங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கார்த்திகேசு செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மறுநாள் நண்பகல் போன் வந்தது.

"தாமரை அம்மாவோ? இடிமுழக்கச் செம்மல் சண்முகரத்தினம் கதைக்கிறன். ஆழ்ந்த இரங்கல். எங்கள் அமைப்புவிதி பதினேழின்படி ஆயுட்கால உறுப்பினரின் பூதவுடல் பேரவை மண்டபத்துக்கு வந்து மரியாதை பெற்றுத்தான் போகவேணும்."

"ஐயா, நாளைக்கு நாலு மணிக்கு மின்சுடலையில டைம் வாங்கியாச்சு. கிள்ளான்லயே முடிச்சிடலாம்னு…"

"இரண்டு மணிக்கே விட்டுவிடுவோம். ஒரு நற்செய்தியும் உண்டு. அவருடைய நாவலை அங்கேயே வெளியிடுகிறோம்."

தாமரை போனை மறு காதுக்கு மாற்றினாள். பதினோரு வருடம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த மனிதர், இப்போது ஐஸ் பெட்டியில் படுத்திருந்தார். "சரிங்க ஐயா" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் அவள் செய்த பிழை.

வியாழன் பன்னிரண்டு மணிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்துக்குச் சவ வேன் போய்ச் சேர்ந்தது. ஓட்டி வந்தவர் நாகையா. பூச்சோங்காரர், தொழிலில் முப்பது வருடம்.

"அக்கா, ஒன்னு சொல்லிக்கிறேன்," என்றார். "மூனு மணிக்கு மேல ஃபெடரல் ஹைவே ஜேம். நாலு அடிச்சா மின்சுடலைக்காரன் கதவ சாத்திடுவான். நாளையிலேருந்து மிஷின் சர்வீஸ், திங்கக்கிழமைதான் திறப்பான். ஒடம்பு கெடாம இருக்கப் போடுற மருந்து ஊசி வேற வேண்டாம்னுட்டீங்க. இந்த வெயில்ல திங்கக்கிழமை வரைக்கும் ஐயா தாங்க மாட்டாரு லா."

"ரெண்டு மணிக்கு விட்டுருவாங்களாம்ணே."

நாகையா மண்டபத்தைப் பார்த்தார். வாசலுக்கு மேலே ஒரு பதாகை. அதில் தலைவர் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தார். கார்த்திகேசு தபால்தலை அளவில் அவர் முழங்கால் பக்கத்தில் இருந்தார். "எத்தனை பொணத்த இங்க கொண்டாந்திருக்கேன் தெரியுமா?" என்றார் நாகையா. "ஒன்னுகூட சொன்ன நேரத்துக்கு வெளிய வந்ததில்ல."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் தலைவருடைய கறுப்பு நிறப் பெரிய கார் வந்தது. வளாகத்துக்கு ஒரே ஒரு வாசல். கார் அந்த வாசலுக்கு நேர்க் குறுக்கே நின்றது. தலைவர் இறங்கினார், பூட்டினார், சாவியை ஜிப்பாப் பைக்குள் போட்டுப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். இது பேரவையின் மரபு. தலைவர் உரை எப்போதும் கடைசி. ஒருகாலத்தில் அதற்கு முன்பே சபை காலியாகிவிடும். ஒருமுறை ஒலிபெருக்கிக்காரர்கூட ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து தலைவர் காரை வாசலில் போட்டுவிடுவார். பேரவையின் ஆண்டறிக்கை இதை 'வருகையாளர் எண்ணிக்கையில் வளர்ச்சி' என்று குறிப்பிடுகிறது.

மேடை நடுவில் சவப்பெட்டி, மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஐந்தடிக் குத்துவிளக்கு. தாமரைக்கு முன்வரிசையில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. கையில் நிகழ்ச்சி நிரல் கொடுத்தார்கள். பத்தொன்பது அங்கங்கள். பதினேழாவதில் 'ஏற்புரை: நாவலாசிரியர் கார்த்திகேசு' என்றிருந்தது.

உதவிச் செயலாளர் தனேஷைப் பிடித்துக் காட்டினாள். தனேஷ் ஐம்பத்திரண்டு வயதில், மீசைக்குக் கறுப்புச் சாயம் பூசி, நாலடி எட்டங்குல உயரத்தில் கையில் மைக்கோடு பிறந்தவர் போல இருப்பார். அறிவிப்பாளரும் அவர்தான்.

"தம்பி, இது எப்படி…"

"எந்த வெளியீட்டுக்கும் ஏற்புரை உண்டுக்கா. ஃபார்மேட் அப்படி."

"அவரு செத்துட்டாருப்பா."

"அதுக்காகத்தான் அஞ்சு நிமிஷம்னு குறைச்சிருக்கோம். எப்பவும் பத்து."

"கொஞ்சம் சுருக்கமா முடிக்கச் சொல்லேன். நாலு மணிக்கு…"

"நிகழ்ச்சி நிரல் செயலவை ஒப்புதல் வாங்கினது. மாத்தணும்னா அவசரக் கூட்டம் போடணும்." தனேஷ் பரிவோடு அவள் முழங்கையைத் தொட்டார், தோள் எட்டவில்லை. "அதுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேணும்க்கா."

விளக்கேற்றினார்கள். வாழ்த்துப் பாடினார்கள். வரவேற்புரையில் மேடையிலிருந்த பதினான்கு பேரையும் பட்டங்களோடு விளித்தார்கள். அதற்கு இருபத்தாறு நிமிடம். பிறகு பொன்னாடை. தலைவர் துணைத்தலைவருக்குப் போர்த்தினார், துணைத்தலைவர் தலைவருக்குப் போர்த்தினார், இருவரும் சேர்ந்து கார்த்திகேசுவுக்குப் போர்த்தினார்கள். அதைப் பார்த்த ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு ஆடை போர்த்தியது. சுபாங் ஜெயா கிளை, ஸ்ரீ கெம்பாங்கான் கிளை, மகளிர் பிரிவு, இளைஞர் பிரிவு. இளைஞர் பிரிவின் தலைவருக்குப் பொன்னாடையை விரிக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. பதினொரு ஆடைக்குப் பிறகு பெட்டிக்குள் ஒரு துணிக்கடைதான் தெரிந்தது. தாமரை எழுந்து போய் முகத்தை மட்டும் விலக்கிவிட்டு வந்தாள். நெற்றி விபூதி வியர்த்தது போல் ஈரமாக இருந்தது. மணி ஒன்று நாற்பது.

துணைத்தலைவர் பழனியப்பன் இரங்கல் உரைக்கு எழுந்தார். பெரிய உடம்பு, தங்கப்பல். அடுத்த மாதம் தலைவர் பதவிக்குப் போட்டியிடப் போகிறவர்.

"அன்பர்களே! முப்பத்தோராண்டு காலம் பேரவையில் இருந்தார் கார்த்திகேசு. ஒரு கேள்வி கேட்டதுண்டா? இல்லை. ஒரு பதவி கேட்டதுண்டா? இல்லை. கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி போடுவார். கடைசி ஆளாக நின்று நாற்காலி அடுக்குவார். இப்படி ஓர் இலக்கியவாதியை இனி எங்கே தேடுவேன்? அடுத்த மாதம் ஆண்டுக்கூட்டம்." குரல் உடைந்தது. "இருநூறு நாற்காலி, ஐயா! இருநூறு நாற்காலி!"

சபையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பதினேழாவது அங்கம் வந்தது. தனேஷ், "இப்போது நாவலாசிரியர் ஏற்புரை வழங்குவார்" என்று அறிவித்து, மைக்கை ஸ்டாண்டோடு பெட்டிக்கருகில் கொண்டுபோய், வாயருகே சாய்த்து வைத்தார். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. ஆறாவது நிமிடம் தனேஷ் மணியடித்தார். ஏழாவது நிமிடம் மறுபடி அடித்தார். பின்வரிசையில் ஒருவர், "இன்னிக்குப் பேசினதுல இவருதான் பெஸ்ட்" என்றார்.

தாமரை நாகையாவைத் திரும்பிப் பார்த்தாள். கதவோரம் நின்றிருந்த அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இரண்டு நாற்பத்தைந்து.

பிறகு நூல் வெளியீடு. தாம்பாளத்தில் இருபது பிரதிகள் வந்தன. தாமரை கையை நீட்டி ஒன்றை எடுத்துத் திறந்தாள். அட்டையில் நாவலின் பெயர். உள்ளே பேரவையின் போன வருட ஆண்டறிக்கை.

"உள்ளடக்கத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்," என்று தலைவர் மேடையிலிருந்தே விளக்கினார். "ஆய்வுக்குழுத் தலைவன் என்ற முறையில் பதினோராண்டுகள் இந்நாவலை ஆராய்ந்தவன் நான். முதல் பக்கத்தை மும்முறை வாசித்திருக்கிறேன். இதில் ஒரு பேரரக்கி வருகிறாள். பெண்மைக்கு அது அழகல்ல. ஆனால் ஓர் இடிக்கடவுள் வருகிறார். அவர் யாரென்று நான் சொல்ல வேண்டுமோ?" தன் மார்பைத் தொட்டார். "ஆகவே நூலை வெளியிடுபவன் நான். முதல் பிரதியைப் பெறுபவனும் நான்." சொல்லிவிட்டு இடது கையால் ஒரு பிரதியை எடுத்து வலது கையிடம் கொடுத்தார். புகைப்படத்துக்காக இரண்டு கைகளும் சற்று நேரம் அப்படியே நின்றன.

"நிறுத்துங்க," என்றார் பழனியப்பன். "மொத புக்கு துணைத்தலைவருக்குன்னு பேசினோம்."

"நீர் என்ன கதைக்கிறீர்? இது மேடை."

"அந்தக் கதைய நானும் கேள்விப்பட்டிருக்கேன். கப்பலத் தள்ள முடியாம மூச்சுவாங்கிக்கிட்டு நின்னுச்சே ஒரு சாமி, அதுதானே? ஆமாமா, சாட்சாத் நீங்கதான்."

சபை சிரித்தது. கூட்டத்தை அடக்குவதற்கென்று தலைவர் மேசையில் ஒரு மரச்சுத்தியல் உண்டு. தலைவர் அதை எடுத்தார். "ஒழுங்கு!" என்று சொல்லிப் பழனியப்பன் வாயில் அடித்தார். தங்கப்பல் தெறித்துத் தாம்பாளத்தில் விழுந்தது. "ஒழுங்கு! ஒழுங்கு!" பக்கத்தில் நின்ற இரண்டு வெள்ளைப்பற்களும் போயின.

தனேஷ் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அதில் இதற்கு இடமில்லை. ஆனாலும் அவருக்கு மைக்கைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாது. "தலைவர் அவர்கள் துணைத்தலைவர் அவர்களைச் சிறப்பித்தார்கள்" என்றார். "தொடர்ந்து, மகளிர் பிரிவு."

மகளிர் பிரிவுத் தலைவி ரத்தம் சொட்டிய பழனியப்பனைத் தாங்கிப் பிடிக்கவில்லை; செயலவைப் பொருளாளரின் தலைமுடியைப் பிடித்தார். அது கையோடு வந்துவிட்டது, முடியல்ல, விக். சுபாங் ஜெயா கிளை ஸ்ரீ கெம்பாங்கான் கிளைமேல் பாய்ந்தது. ரோஜாமாலையைக் கழுத்தில் போட்டு இறுக்கினார்கள். உள்ளே இருந்த கம்பி தோலைக் கிழித்தது. ஒருவர் நினைவுக் கேடயத்தால் ஒருவர் புருவத்தைப் பிளந்தார். கேடயத்தில் 'சிறந்த நட்புக்காக' என்று பொறித்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. அவற்றை அடுக்க ஆள் இல்லை என்று துணைத்தலைவர் அழுதது எவ்வளவு உண்மை என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது.

தாமரை பெட்டிமேல் குனிந்து, இரண்டு கையாலும் அதை அணைத்து மறைத்துக்கொண்டாள். முதுகில் இரண்டு நாற்காலி விழுந்தன. அவளுக்குச் சண்டை புரியவில்லை. மணி மட்டும் புரிந்தது.

பழனியப்பன் எழுந்தார். குத்துவிளக்கின் தண்டைப் பிடுங்கினார். எண்ணெய் கொட்டிப் பாதி மேடை வழுக்கியது. "எனக்கு மொத புக்கு இல்லையாடா?" என்று இரண்டு கையாலும் ஓங்கித் தலைவரை நோக்கி வீசினார். தலைவர் குனிந்தார். தண்டு அவர் தலைக்கு மேலே சுற்றி வந்து, தாமரையின் முழங்கைக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவே புகுந்து, கார்த்திகேசுவின் நெற்றியில் இறங்கியது.

தேங்காய் ஓட்டில் கத்திமுனை பட்ட மாதிரி ஒரு சத்தம். விபூதிப் பட்டை இரண்டாகப் பிளந்தது. ரத்தம் வரவில்லை. வருகிற நிலையில் அவர் இல்லை.

தாமரை நிமிர்ந்தாள்.

அவள் நிமிர்ந்து நின்று பேரவையில் யாரும் பார்த்ததில்லை. எந்த விழாவுக்கும் அவளை உள்ளே கூப்பிட்டதில்லை, வெளியே மோட்டார் பக்கத்தில்தான் நிற்பாள். பழனியப்பனின் மணிக்கட்டைப் பிடித்தாள். லோரி நட்டு இறுகியிருந்தால் எந்தப் பக்கம் திருப்புவாளோ அந்தப் பக்கம் திருப்பினாள். விளக்குத் தண்டு கீழே விழுந்தது. பழனியப்பனும் விழுந்தார். கை அவரோடுதான் இருந்தது, ஆனால் விரல்கள் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. எதிரே வந்த இளைஞர் பிரிவை உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினாள். மூன்று வரிசை நாற்காலிகளோடு அது பின்சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. பெட்டி மூடியைப் பொருத்தினாள். நாற்பத்தெட்டு கிலோ, பெட்டி, பதினொரு பொன்னாடை எல்லாவற்றையும் தோளில் ஏற்றிக்கொண்டு எண்ணெயில் கால் ஊன்றி ஊன்றி நடந்தாள்.

"நாவலாசிரியர் விடைபெறுகிறார்," என்றார் தனேஷ்.

நாகையா வேன் கதவைத் திறந்து வைத்திருந்தார். பெட்டி உள்ளே போயிற்று. மூன்று மணி ஐந்து நிமிடம். வாசலில் கறுப்புக் கார்.

"ஐயா, சாவி குடுங்க," என்றாள் தாமரை.

தலைவர் வாசற்படியில் வந்து நின்றார். ஜிப்பாவில் யார் யாருடைய ரத்தமோ. "தலைவர் உரை இன்னும் தொடங்கவில்லை."

"கையெடுத்துக் கும்பிடுறேன் ஐயா. நாலு மணி தாண்டினா திங்கக்கிழமைதான். அவரு கெட்டுப் போயிருவாரு."

"கெடுவது உடல், அம்மா. உரை நிலைக்கும். நாற்பது பக்கம். உட்காரும்."

கும்பிட்ட கையை அவள் இறக்கினாள். காரைச் சுற்றி வந்தாள். பழக்கதோஷம், டயரைக் குனிந்து பார்த்தாள். "நாலும் போத்தாக்," என்றாள் நாகையாவிடம். "வழுவழுன்னு மொட்டை. பிரேக் புடிச்சிருந்தாலும் சறுக்கும்." செருப்பைக் கழற்றினாள். பக்கவாட்டில் கதவில் தோளைக் கொடுத்தாள். கதவு உள்ளே நெளிந்தது. கால் கட்டைவிரல் தாரில் புதைந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கிறீச்சல் எழுந்தது, மண்டபத்துக்குள் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அவரவர் பிடித்திருந்த கழுத்துகளை விடாமலே திரும்பிப் பார்த்தார்கள். டயரிலிருந்து கறுப்புப் புகை வந்தது. ரப்பர் கருகி நாறியது. எதிர்க்கடையில் அடுக்கியிருந்த எவர்சில்வர் குடங்கள் கடகடவென்று ஆடின. கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, அப்புறம் அடியாக நகர்ந்து, சாலையோரப் பெரிய கால்வாயின் விளிம்புக்குப் போய், கொஞ்சம் யோசித்து, மூக்குக் குப்புற உள்ளே இறங்கியது.

தலைவர் வாசற்படியிலிருந்து இறங்கினார். சுத்தியல் கையில்தான் இருந்தது. ஓடி வந்தார். திரும்பிய தாமரையின் நெற்றியில், கொண்டைக்குக் கீழே, அடித்தார். தோல் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. இரண்டாம் முறை ஓங்கினார். யாரும் கெஞ்சித் தடுக்கவில்லை. புராணத்திலாவது அதற்கு நாலு தேவர்கள் இருந்தார்கள்.

அவளே தடுத்தாள். சுத்தியலோடு அவர் கைவிரல்களையும் சேர்த்துப் பிடித்து மூடினாள். முறுக்கு நொறுங்குகிற சத்தம் நான்கு தரம் கேட்டது. சுத்தியலை வாங்கித் தெருவில் எறிந்தாள். அவர் தாடையில், வலது கை வேண்டாம் என்று, இடது கையால் ஒன்று வைத்தாள். கஞ்சி குடிப்பது அவர்தான்.

கீழே கிடந்து எழுந்த தலைவர் அடிக்க ஆள் தேடினார். தாமரை வேனில் ஏறிவிட்டாள். பழனியப்பன் உள்ளே கிடந்தார். சரியாக அந்த நேரத்தில் தனேஷ், மைக்கோடு, "அடுத்து நன்றியுரை…" என்று காலடியில் குறுக்கே வந்தார். தலைவர் எட்டி ஓர் உதை விட்டார். தனேஷ் பறந்து போய்க் கால்வாயில், கார்மேல் விழுந்தார். அங்கிருந்தும் குரல் தெளிவாகக் கேட்டது: "ஒலிபெருக்கி உதவியவர்களுக்கு…"

தலைவர் நாவலின் முதல் பக்கத்தைத்தான் படித்திருந்தார். குள்ளன் வருவது கடைசி அத்தியாயத்தில். அதை அவராகவேதான் செய்தார்.

ஃபெடரல் ஹைவேயில் நாகையா சிவப்பு விளக்கைச் சுழலவிட்டு, அவசரத் தடத்தில் ஏறி, கும்பிட வேண்டிய சாமிகளைக் கும்பிட்டும் திட்ட வேண்டிய லோரிகளைத் திட்டியும் ஓட்டினார். தாமரை பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து தொங்கியது.

மூன்று ஐம்பத்தாறுக்கு மின்சுடலை. பணியாளர் கதவில் கை வைத்துவிட்டார். பெட்டியைத் திறந்ததும் பிணத்தின் நெற்றியைப் பார்த்தார். பிறகு அவள் நெற்றியைப் பார்த்தார்.

"ஆக்சிடெண்டாக்கா?"

"இலக்கியக் கூட்டம்."

அவர் பொன்னாடைகளைத் தொட்டுப் பார்த்தார். ஜரிகை உள்ளே போகக்கூடாது, மிஷின் கெட்டுவிடும் என்று மட்டும் சொன்னார். தாமரை பொன்னாடைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பதினொன்றும் எடுத்து முடித்தபோது, வேட்டி சட்டையோடு, அவள் காலையில் குளிப்பாட்டி அனுப்பின மனிதர் மிச்சமிருந்தார். பிளந்த நெற்றியில் கட்டைவிரலால் விபூதியைத் தேய்த்துச் சேர்த்துவிட்டாள். அவள் விரலின் ரத்தமும் அதில் கலந்தது, துடைக்கவில்லை.

"யாராச்சும் நாலு வார்த்த பேசணும்னா பேசலாம்," என்றார் பணியாளர். "ரெண்டு நிமிஷம் இருக்கு."

"ஐயோ, வேண்டாம்பா," என்றாள். "பட்டன் எங்க இருக்கு?"

காட்டினார். உரிந்த கையாலேயே அழுத்தினாள். கதவு மூடி, உள்ளே தீ எழும்புகிற இரைச்சல் கேட்கும்வரை நின்றாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாகையா வெளியே போய் அவளுக்கு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். படியில் உட்கார்ந்து, கை எரிய எரிய, முழுசும் சாப்பிட்டாள்.

பேரவை அவசரக் கூட்டம் கூட்டியது, ஏழு நாள் முன்னறிவிப்போடு. வந்தவர்களில் பாதிப் பேர் மாவுக்கட்டில் வந்தார்கள். மூன்றாவது வாரம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் கிள்ளானுக்கு வந்தது. கீழே தலைவருடைய இடது கைக் கையெழுத்து. மேலே விலாசம்: 'அமரர் கார்த்திகேசு, ஆயுட்கால உறுப்பினர், எண் 214.'

'தங்களின் இறுதி மரியாதைக் கூட்டத்தில் தாங்கள் நடந்துகொண்ட முறை செயலவைக்கு ஆழ்ந்த வருத்தமளிக்கிறது. (அ) ஏற்புரைக்கு ஒதுக்கிய நேரத்தை மீறினீர்கள்; மணியடித்தும் முடிக்கவில்லை. (ஆ) தலைவர் உரைக்கு முன், தலைவரின் அனுமதியின்றி, மண்டபத்தை விட்டு வெளியேறினீர்கள். (இ) போர்த்தப்பட்ட பதினொரு பொன்னாடைகளையும் உடன் கொண்டு சென்றீர்கள். பதினான்கு நாள்களுக்குள் தங்கள் கைப்பட எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். தவறினால் தங்கள் உறுப்பியம் ரத்தாகும்.'

தாமரை கடிதத்தை இரண்டு முறை படித்தாள். நெற்றித் தையல் இன்னும் குறுகுறுத்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தாள். ஆனால் பேரவையிலிருந்து ஒரு வரி வராதா என்று பதினோரு வருடம் ஏங்கினவருக்கு வந்த முதல் கடிதம் அது. பதில் போடாமல் விட்டால் அவருக்கு மனசு கேட்காது என்று தோன்றியது. அவர் மேசையில் உட்கார்ந்தாள். மேசை அவள் முழங்காலுக்குத்தான் வந்தது. அவர் பேனாவை எடுத்து, கட்டுப்போட்ட கையால், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

'மதிப்பிற்குரிய தலைவர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கடைசி வரைக்கும் உட்கார்ந்து உங்கள் பேச்சைக் கேட்டிருப்பேன். எரிய வேண்டியிருந்ததால் எழுந்து வந்துவிட்டேன். மன்னிக்கவும்.'